துறை இருந்த இடம்

ஜூன் 12, 2025
மேட்டூர் தொறந்தாச்சு. டிவில பூ தூவுறத மூணு தடவ பாத்தேன். பரிசல் அடியில தார் உரிஞ்சு கெடக்கு, பூசணும்.

ஜூன் 14
நாளைக்கு கல்லணை. அக்கா மவன், என் மருமவன், நம்பவே மாட்டேங்குறான். போன வருசம் மேட்டூரே ஜூலை 28 வரைக்கும் தொறக்காம கெடந்துச்சு, அந்த ஏமாத்தம் இன்னும் போவல அவனுக்கு. மறுபடி ஜனவரி 28 அடைச்சா முடிஞ்சுது, எங்களுக்கு வருசமே அவ்ளோதான். கயாக்குன்னு துடுப்பு போடுற சின்னப் படகு, அது ரெண்டையும் தெனம் கழுவுறான்.

ஜூன் 17
எங்கூரு குடமுருட்டி ஆத்துக்குள்ள எறங்கி நடந்தேன். மணலு காஞ்சு கெடக்கு, கரையில வூடு கட்டி வந்துருக்குற நகரோட சுவத்துக்கு அடியில மட்டும் கருப்பா குட்ட. பைப்ப எண்ணுனேன், பதினொண்ணு. நாலு இஞ்சு பிவிசி. அதுக்கு நேரா கீழ மட்டும் ஆகாயத்தாமர தளதளன்னு பூத்து நிக்குது, சுத்தி எங்கயும் ஒரு பொட்டு பச்ச இல்ல. வூடு கட்டுன ஒடஞ்ச டைல்ஸ், சிமெண்டுக் கட்டி எல்லாத்தையும் ஆத்துலயே கொட்டி வச்சிருக்காங்க.

அந்த சுவரு நிக்கிற எடம்தான் எங்க துறை. வாழக்கொல்லையத் தாண்டி மூங்கிலுக்கு நடுவுல சரிவா எறங்கும், தாத்தா பரிசல தலையில கவுத்துக்கிட்டே எறங்குவாரு. இப்ப பாலம் வரைக்கும் தூக்கிட்டுப் போவணும்.

ஜூன் 19
ராத்திரி ரெண்டு மணி. வந்துருச்சு.

டார்ச் அடிச்சுகிட்டு பசங்களோட நின்னேன். மொதல்ல சத்தம்தான், காஞ்ச மணலு தண்ணிய உறிஞ்சுற சொர்ர்ருங்குற சத்தம். அப்புறம் நாக்கு நீட்டுன மாதிரி ஒரு மொழம் தண்ணி, அதுக்கு முன்னால சருகு, வைக்கோல், எறும்புக்கூட்டம். மருமவன் குனிஞ்சு தொட்டு கும்பிட்டான். எனக்கு கண்ணு கலங்கிருச்சு. அதே தண்ணி சுவத்துக்கிட்ட போனதும் அந்த கருப்புக் குட்டய அப்படியே தூக்கிட்டு கெளம்புச்சு, நாத்தம் பாலம் வரைக்கும் வந்துச்சு.

ஜூன் 20
பசங்க எறங்கிட்டானுவ. நான் தடுக்கல.

ஜூன் 22
கொத்தனாரு ஒருத்தருகிட்ட பேசுனேன், அந்த நகர்ல பாதி வூடு அவரு கட்டுனதுதான். செப்டிக் டேங்குன்னு சொல்றாங்களே ஒழிய அடியில தளமே போடல, உறைய எறக்கி விட்டுருக்கு, ஆறு காஞ்சு கெடக்குறப்ப மணலு எல்லாத்தையும் உறிஞ்சிக்கும் ஆத்துல தண்ணி வந்தா ஊத்து மேல ஏறிரும் அப்ப டேங்கு எறங்காது கக்கூஸ்ல பொங்கும், அதனால ஆளாளுக்கு ஒரு பைப்ப சுவத்துல வுட்டுட்டாங்கன்னாரு. ஆக தண்ணி வந்தாத்தான் பைப்பும் ஓடும், நாங்களும் அப்பதான் ஆத்துல இருப்போம். இத நெனச்சு நெனச்சு தூக்கமே வரல. சுவத்துக்கு இந்தப் பக்கம் அஞ்சாவது பைப்பு அக்கா வூட்டுது.

ஜூன் 25
பதிமூணு பைப்பு.

ஜூன் 29
மருமவனுக்கு காய்ச்சல். 103. கெண்டக்கால் தொட முடியல, கண்ணு செவந்து கெடக்கு.

ஜூன் 30
டாக்டர் மொதல்ல கேட்டதே ஆத்துல எறங்குனானாங்குறதுதான். எலிக்காய்ச்சலா இருக்கலாமாம், ரத்தம் எடுத்துருக்காங்க, மாத்திர இன்னைக்கே ஆரம்பிச்சாச்சு. எலி மூத்திரம் கலந்த தண்ணி படுறப்ப ஒடம்புல சின்னக் கீறல் இருந்தா போதுமாம். கீறல் இருக்கு. இருபதாந்தேதி டைல்ஸ் கிழிச்சுது, நான்தான் மண்ணத் தொடச்சு துணி கட்டி மறுபடி கயாக்குல ஏத்தி வுட்டேன். கரையேத்தி வூட்டுக்கு அனுப்பியிருக்கணும்.

அக்கா என்கிட்ட பேசல.

ஜூலை 2
பாலத்துக்கிட்ட ஒரு பாட்டிலு, சுவத்துக்குக் கீழ ஒரு பாட்டிலு. ஐஸ் போட்டு தெர்மாகோல் பொட்டில வச்சு பஸ்ஸுலயே மடியில வச்சுகிட்டுப் போயி லேப்ல குடுத்துட்டேன். குளிக்கிற தண்ணின்னா 100 மில்லில மலக்கிருமி 500க்குள்ள இருக்கணும், 2500 தாண்டவே கூடாதுங்குறது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வச்ச அளவு. ரிசல்ட் வர நாளாவுமாம். ரத்த டெஸ்ட்டும் வரல.

ஜூலை 3
102.

ஜூலை 5
99. கஞ்சி குடிச்சான். தண்ணி எது வரைக்கும் ஏறியிருக்கு மாமான்னான். மூணாவது படி முங்கிருச்சுடான்னேன். கயாக்க வெயில்ல போடாதீங்கன்னான்.

ஜூலை 6
காலைலயே அக்கா போன். அத்தான் கொத்தனார வரச்சொல்லி சுவத்துக்கிட்ட நிக்கிறாராம், எது நம்ம பைப்புன்னு தெரியலயாம். போறேன்.