‘போஸ்ட்ஹேஸ்ட்’: கடிதத்தின் மேல் எழுதிய கட்டளை

‘தாமதமின்றி, மிக விரைவாக’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் வழங்கும் ‘போஸ்ட்ஹேஸ்ட்’ என்னும் வினையடையைக் காணும்போது, போஸ்ட் கிராஜுவேட், போஸ்ட்மார்ட்டம் போன்றவற்றில் பழகிய நமக்கு அதன் முற்பாதி ‘பின்’ என்றே தோன்றும். அது வேறு போஸ்ட். இது, ‘வைக்கப்பட்டது’ எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து இத்தாலியம், பிரெஞ்சு வழியாக வந்தது. நெடுஞ்சாலையில் இடைவெளி விட்டு நிறுத்தி வைக்கப்பட்ட அஞ்சல் குதிரைகளையும் ஆட்களையும் குறித்த அச்சொல், கடிதத்தைச் சுமந்து விரைந்த தூதனுக்கும் பெயராயிற்று.

இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றியின் காலத்தில் பிரையன் டியூக் என்பவர் அரச அஞ்சலின் தலைவராக இருந்தார். பொதுமக்களும் அதைப் பயன்படுத்தலாம் என்ற நிலை 1635-இல்தான் வந்தது. அதுவரை அது முதன்மையாக அரசுக் காரியங்களுக்கானது. வழியிலிருந்த நிலையங்களைப் பெரும்பாலும் விடுதிக்காரர்களே நடத்தினார்கள். அவசரக் கடிதமானால், அதை மடித்து முத்திரையிட்டு, வெளிப்புறத்தில் ‘ஹேஸ்ட், போஸ்ட், ஹேஸ்ட்’ என்று எழுதுவார்கள். ‘விரைந்து செல், தூதனே, விரைந்து செல்’ என்பதே அதன் பொருள். சிலவற்றில் ‘உயிருக்காக’ என்றும் சேர்த்திருக்கிறார்கள். தூக்குமரப் படம் வரைந்த கடிதங்களும் உண்டு. எழுத்தறியாத ஆளுக்கும் அந்த மிரட்டல் புரிந்திருக்கும். கடிதம் வந்து சேர்ந்த நேரத்தை நிலையந்தோறும் அதன்மேல் குறித்துவைக்கும் வழக்கமும் இருந்ததால், எங்கே சுணக்கம் நேர்ந்தது என்பதை மறைப்பது எளிதாக இருந்திராது.

அந்தக் கட்டளையிலிருந்த விளி காலப்போக்கில் மறைந்து, சொற்கள் ஒட்டிக்கொண்டு, முதலில் பெயர்ச்சொல்லாகவும் 16-ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் வினையடையாகவும் வழங்கலாயின. ‘ஒத்தெல்லோ’ நாடகத்தில் வெனிஸின் தலைவர் தளபதியை உடனே வரச்சொல்லி ஆளனுப்பும் இடத்தில், ஷேக்ஸ்பியர் மூன்று சொற்களையும் கோத்து ஒரே அடைமொழியாக ஆக்கியிருக்கிறார். கடிதங்களின் வெளிப்புறத்தை அறிந்திருந்த பார்வையாளர்களுக்கு அது பழகிய குரலாகவே ஒலித்திருக்க வேண்டும்.

இன்று இச்சொல்லில் சற்றே பழமை வாடை வீசுகிறது. ஆயினும் முன்பின் யோசியாத வேகத்தைச் சொல்லும் ‘ஹெட்லாங்’ என்பதோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. மருத்துவரை அழைத்துவர ஒருவர் போஸ்ட்ஹேஸ்டாக ஓடலாம், கடன் வாங்கிய பணத்தோடு தெரியாத தொழிலில் ஹெட்லாங்காக இறங்கலாம். இரண்டையும் இடம் மாற்றினால், முதலாமவர் மேல் காரணமில்லாத பழி விழும், இரண்டாமவர் பொறுப்பானவராகத் தெரிவார்.