கரி இறங்கிய வழி

"எஸ்ஸன்ல என்ன இருக்கு, பழைய சுரங்கம்தானே?" என்றான் ஜெர்மனியில் இருக்கும் நண்பன். ஆமாம், அந்த ஜெர்மன் நகரத்துக்கு அதைப் பார்க்கத்தான் போனேன்.

107ஆம் எண் டிராமிலிருந்து இறங்கினால் எதிரே ட்ஸோல்ஃபெராயின் சுரங்கத்தின் இரும்புக் கோபுரம். 1986இல் கரி எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். நல்லவேளை, பழைய இரும்புக்குப் போடவில்லை. 2001 முதல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம்.

கரி கழுவிய கட்டடம்தான் இப்போது ரூர் வட்டாரத்தின் அருங்காட்சியகம். நீளமான எஸ்கலேட்டரில் 24 மீட்டர் உயரத்துக்கு ஏறி, அங்கிருந்து மாடி மாடியாகக் கீழே இறங்க வேண்டும். அந்தக் காலத்தில் கரியும் இப்படித்தான் மேலிருந்து கீழே வந்ததாம். படிக்கட்டின் ஓரமெல்லாம் ஆரஞ்சு வெளிச்சம், காய்ச்சிய இரும்பு வழிவது போல. கைப்பிடியைத் தொடவே ஒரு நொடி யோசித்தேன்.

அப்புறம் ரெட் டாட் வடிவமைப்பு அருங்காட்சியகம். பழைய கொதிகலன் கூடத்துக்குள்ளேயே புது நாற்காலி, விளக்கெல்லாம் வைத்திருக்கிறார்கள். எனக்கென்னவோ கொதிகலன்தான் அழகாகத் தெரிந்தது.

நிலக்கரியைச் சுட்டு கோக் என்னும் எரிபொருள் செய்த சூளைகள் பக்கம், இரண்டு கன்டெய்னர்களை ஒன்றாக இணைத்துச் செய்த ஒரு நீச்சல் குளம். கோடையில் பிள்ளைகள் குதிப்பார்களாம். நான் போனபோது ஒரே குளிர், கையை நனைத்துவிட்டு டிராம் பிடித்தேன்.