பத்மினிக்குப் பெட்ரோல் ஏறவில்லை

மே 5
தைக்குப் பிறகு காரைக்குடி வீட்டுக் கொட்டகையை விட்டு வெளியே வராத வண்டி, எங்கள் பழைய பிரீமியர் பத்மினி கார். சோக்கை, அதாவது ஸ்டார்ட் ஆகக் கூடுதல் பெட்ரோல் விடும் குமிழை, இழுத்தால் இன்ஜின் பிடிக்கிறது, உள்ளே தள்ளினால் அணைகிறது. ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும் ஐட்லிங் நிற்கவில்லை என்றால் முதல் சந்தேகம், அப்போது பெட்ரோல் விடும் சின்னத் துளையான பைலட் ஜெட் மேல்தான். டேங்கிலிருந்து கொஞ்சம் பாட்டிலில் பிடித்துப் பார்த்தேன். கடுங்காப்பி நிறம், பெயிண்ட் கடை வாடை. மொத்தத்தையும் இறக்கியாயிற்று.

மே 7
மெக்கானிக் அண்ணன், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரைப் பிரித்தார். அதில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் கிண்ணத்தின் அடியில் பழுப்புத் தூள். பைலட் ஜெட்டை வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரியவில்லை. கடைப் பையன் ஊக்கை நீட்டினான். "டேய், பித்தளைடா அது. ஓட்டை பெருத்துச்சுன்னா வண்டி பெட்ரோலைக் குடிச்சுத் தள்ளும்." தின்னரில் ஊறப்போட்டு, கம்ப்ரஸர் காற்றில் ஊதியதும் திறந்துகொண்டது.

டேங்கிலிருந்து பெட்ரோலை இழுத்துத் தரும் ஏசி பம்ப்பின் ரப்பர்ச் சவ்வான டயாப்ரமும் ஊறித் தளர்ந்திருந்தது. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பருக்கு அது ஆகாது, ஈரத்தையும் இழுக்கும். டயாப்ரம், ஹோஸ் எல்லாம் மாற்றினோம்.

மே 9
ஐட்லிங் அருமை. பிள்ளையார்பட்டிக்குக் கிளம்பினால், குன்றக்குடி மலை கண்ணில் படும் இடத்தில் இருமி நின்றது. டீக்கடையில் இருந்த அத்தனை பேரும் ஒரே தீர்ப்பு: கத்திரி வெயில், ஏர் லாக், அதாவது சூட்டில் பெட்ரோல் ஆவியாகி வழியை அடைத்துவிட்டது. பம்ப் மேல் ஈரத் துணி போட்டு, டீ குடித்துவிட்டு வந்து செல்ஃப் போட்டதும் எடுத்துக்கொண்டது.

மே 10
விடிவதற்கு முன்பே எடுத்தேன். ஏறக்குறைய அதே இடத்தில் நின்றது. வெயிலே இல்லாதபோது ஏர் லாக் எங்கிருந்து வரும்? டேங்க் மூடியைத் திறந்தேன். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்தது!

பூட்டு கெட்டதால் மாற்றிய மூடி அது. காற்று புகத் துளையே இல்லை. பெட்ரோல் குறையக் குறைய டேங்கில் வெற்றிடம் உண்டாகி, பம்ப்பால் இழுக்க முடியவில்லை. சும்மா நிறுத்தி வைத்தால் காற்று மெல்லக் கசிந்து சரியாகிவிடும். நேற்று ஈரத் துணிக்குக் கிடைத்த பெயரெல்லாம் டீ குடித்த நேரத்துக்குச் சேர வேண்டியது. மூடியைத் தளர்த்திவிட்டு ஓட்டினேன், பிள்ளையார்பட்டி வரை ஒரு திணறல் இல்லை. திரும்பும்போது துளையுள்ள மூடி வாங்கியாயிற்று.

மே 12
அப்பத்தாவை ஏற்றிக்கொண்டு தேவகோட்டை போய்வந்தேன். அவருக்கு ஒரே குறை, பெட்ரோல் வாடை. பார்த்தால் கார்புரேட்டரின் இணைப்பில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் கசிகிறது. சூடான இன்ஜின் மேல் சொட்டுவது விளையாட்டில்லை. மாற்றும்வரை வண்டி கொட்டகையில்தான்.