ரெண்டுக்கும் சம்பந்தம் இல்லம்மா

"ஏனுங்க சார், கட்டி அமுங்கிருச்சுன்னா பவரும் போயிருங்களா?"

"ரெண்டுக்கும் சம்பந்தம் இல்லம்மா" என்றேன். கண் டெஸ்ட்டுக்கு மாட்டும் ட்ரையல் ஃப்ரேமிலிருந்து லென்ஸைக் கழற்றிக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

ஏழு வயதுப் பெண். வலது மேல் இமையின் நடுவில் துவரம்பருப்பு அளவுக்குக் கட்டி. அதன்மேல் இழைத்துப் பூசியிருந்த நாமக்கட்டி காய்ந்து, அவள் இமைக்கும்போதெல்லாம் கன்னத்தில் பொடியாக உதிர்ந்தது. பஞ்சை நனைத்துத் துடைத்துவிட்டுத்தான் டெஸ்ட் செய்தேன். இடது கண் 6/6, குறையே இல்லை. வலது 6/18, மங்கல். ஒன்றரை சிலிண்டர், அதாவது கருவிழியின் வளைவு சீராக இல்லாததை ஈடுகட்டும் பவர், வைத்ததும் 6/9 வரிக்கு இறங்கிவிட்டாள். கண்ணாடிக்குச் சீட்டு எழுதினேன். கட்டிக்கு வெந்நீர் ஒத்தடம், குறையாவிட்டால் டாக்டரைப் பாருங்கள் என்றும் சொன்னேன்.

மூன்று மாதம் கழித்து வந்தார்கள். கண்ணாடி போட்டால் தரை சாய்கிறதாம். கட்டி இருந்த இடமே தெரியவில்லை. ஒன்றரை இருந்த சிலிண்டர் இப்போது கால் பவருக்கு மேல் நிற்கவில்லை.

இமைக்குள் எண்ணெய் சுரக்கும் சுரப்பி அடைத்து வீங்குவதுதான் அந்தக் கட்டி. பெரிதாகி மேல் இமையில் உட்கார்ந்தால், அடியில் இருக்கும் கருவிழியை அழுத்தி வளைவை மாற்றிவிடக்கூடும், சிலிண்டர் வரும். இதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன் நான். ஒரு கண்ணில் மட்டும் பவர், அதே கண்ணில் கட்டி. இதற்கு மேல் யார் வந்து சொல்ல வேண்டும்? அந்த அம்மாவே சொன்னார், கேள்வியாக.

கண்ணாடி கொடுத்தது தப்பு என்று இப்போதும் நினைக்கவில்லை. அந்த வயதில் ஒரு கண் மங்கலாகவே கிடந்தால் மூளை அதை ஒதுக்கிவிடப் பழகும். சோம்பேறிக் கண் ஆகிவிட்டால் அப்புறம் கண்ணாடி மட்டும் போட்டுப் பிரயோசனம் இல்லை. கட்டியோ சிலருக்குச் சில வாரத்தில் கரையும், சிலருக்கு மாதக்கணக்கில் கிடக்கும், சிலருக்குக் கீறித்தான் எடுக்க வேண்டும். அதனால் சீட்டு சரி. சரிதானா? முதலில் டாக்டரிடம் காட்டிவிட்டு வாருங்கள் என்று நிறுத்தியிருக்கலாம். குறைந்தபட்சம், "கட்டி போனதும் ஒருதரம் வாங்க, பவர் மாறலாம்" என்றாவது சொல்லியிருக்கலாம். சனிக்கிழமைக் கூட்டம் என்று கொஞ்ச நாள் சமாதானம் சொல்லிப் பார்த்தேன். கூட்டம் இல்லாத செவ்வாய்க்கிழமையிலும் அதே பதிலைத்தான் சொல்லியிருப்பேன். அந்த நாமக்கட்டியைப் பார்த்ததுமே அவருக்கு என்ன தெரியும் என்று எடை போட்டுவிட்டேனோ என்னவோ.

திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. 1,400 ரூபாய்க் கண்ணாடியைக் கூட்டில் வைத்து மூடி, "இவ தம்பிக்கு ஆகுங்களா சார்?" என்று கேட்டார்.

போன வாரம் ஒரு பையன், கீழ் இமையில் சின்னக் கட்டி. இரண்டு கண்ணிலும் ஒரே அளவு சிலிண்டர். கட்டி கரைந்ததும் வாருங்கள் என்று அனுப்பிவிட்டேன். கட்டியால் வந்த பவராகத் தெரியவில்லை, காக்கவைக்க வேண்டிய கேஸே இல்லை அது. எதிர்க் கடையில் அன்றைக்கே கண்ணாடி போட்டுவிட்டார்களாம்.