ஐவோர் நொவெல்லோவின் மௌனப்பட ஆண்டுகளைத் தொகுத்த வழி

1920களில் பிரிட்டிஷ் மௌனப்படங்களின் பெரிய நாயகர்களில் ஒருவர் ஐவோர் நொவெல்லோ. 1893 ஜனவரி 15 அன்று வேல்ஸின் கார்டிஃப் நகரில் பிறந்தவர். பாட்டமைத்தவராக அவரைப் பற்றி ஏராளமாக எழுதியிருக்கிறார்கள். நடிகராகத் தேடினால் ஆண்டுகள் ஒன்றோடொன்று முட்டும், ஒரே படம் இரண்டு பெயரில் வரும். அதனால் அவருடைய படப்பட்டியலை மூல ஆவணங்களிலிருந்து புதிதாகக் கட்டினோம். அந்த வேலை நடந்த வரிசையும், அது இடறிய இடங்களும் இங்கே.

பெயரிலிருந்தே தொடங்கவேண்டும். பிறந்தபோது அவர் டேவிட் ஐவோர் டேவிஸ். 1927இல்தான் நொவெல்லோ என்று சட்டப்படி மாற்றிக்கொண்டார். அதற்கு முந்தைய அரசு ஆவணங்களை டேவிஸ் என்றே தேடுங்கள். பிறப்புப் பதிவு அட்டவணையில் கார்டிஃப் மாவட்டம், 1893 மார்ச் காலாண்டு, தொகுதி 11ஏ. கார்டிஃபில் டேவிஸ்களுக்குப் பஞ்சமில்லை. வழக்கமாகத் தாயின் பிறந்தவீட்டுக் குடும்பப்பெயரை வைத்துச் சலித்தெடுப்போம்; இங்கே தாயும் டேவிஸ், தந்தையும் டேவிஸ் என்பதால் அந்தச் சல்லடை உதவாது. முழுப்பெயர் மூன்றும் சேர்ந்து பொருந்துகிறதா என்று பார்ப்பதே வழி. முதல் உலகப்போரில் அவர் கடற்படை விமானப் பிரிவில் இருந்தார். அதன் அதிகாரிகள் பதிவேடு லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில் ADM 273 என்ற வரிசையில் இருக்கிறது.

அடுத்து பத்திரிகைகள். 'நொவெல்லோ' என்ற ஒற்றைச் சொல்லை இட்டால், அதே பெயருள்ள பழைய இசைநூல் பதிப்பகத்தின் விளம்பரங்கள் வெள்ளமாகக் கொட்டும். கிளாரா நொவெல்லோ என்ற புகழ்பெற்ற பாடகியும் இடையில் வருவார். அந்தப் பாடகியின் நினைவாகத்தான் ஐவோரின் தாய்க்குக் கிளாரா நொவெல்லோ டேவிஸ் என்று பெயர் வைத்தார்கள். மகனின் பெயருக்கு மூலமும் அதுவே. பெயர் இரண்டையும் சேர்த்து மேற்கோள் குறிக்குள் இடுங்கள். பழைய பக்கங்களின் படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் எழுத்துணரி மென்பொருள், ஆங்கிலப் பெரிய ஐ (I) எழுத்தைச் சிறிய எல் (l) என்று அடிக்கடி தவறாகப் படிக்கும். அந்த வடிவத்தையும் தனியாகத் தேடவேண்டும்.

இளமைக் காலத்துக்கு மகனை விட்டுத் தாயைத் தேடுங்கள். இந்த ஒன்றில்தான் எங்களுக்கு அதிகம் கிடைத்தது. கிளாரா நடத்திய வேல்ஸ் பெண்கள் பாடற்குழு 1893இல், மகன் கைக்குழந்தையாக இருந்த அதே ஆண்டில், சிகாகோ உலகக் கண்காட்சிப் போட்டியில் வென்றது. குழுவைப் பற்றிய செய்திகள் வேல்ஸ் தேசிய நூலகத்தின் பத்திரிகைத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். ஆனால் அந்தத் தொகுப்பு 1919இல் நின்றுவிடுகிறது. நொவெல்லோவின் முதல் படம் 1920. அதாவது நடிப்பு வாழ்க்கைக்கு அது உதவாது; அங்கிருந்து சினிமாப் பத்திரிகைகளுக்குத்தான் போகவேண்டும்.

முதல் படமே பிரெஞ்சுத் தயாரிப்பு. லூயி மெர்காந்தோன் இயக்கிய 'தி கால் ஆஃப் தி பிளட்', சிசிலியில் எடுத்தது. அதே இயக்குநரின் 'மியார்க்கா'வும் 1920தான். இவற்றைப் பிரெஞ்சுத் தலைப்பில் தேடாவிட்டால் பாதி விவரம் தவறிப்போகும். அமெரிக்காவில் கிரிஃபித் இயக்கிய 'தி ஒயிட் ரோஸ்', ஏட்ரியன் புரூனலின் 'தி மேன் விதவுட் டிசையர்' இரண்டும் 1923. அமெரிக்க வெளியீட்டில் தலைப்பே மாறும் படங்களும் உண்டு: 'தி லாட்ஜர்' அங்கே 'தி கேஸ் ஆஃப் ஜோனதன் ட்ரூ', 'டவுன்ஹில்' அங்கே 'வென் பாய்ஸ் லீவ் ஹோம்'. இவற்றைத் தனித்தனிப் படங்களாக எண்ணிவிடக் கூடாது.

ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு தேதிக் கட்டம் போடுங்கள்: திரைப்பட வியாபாரிகளுக்குப் போட்டுக்காட்டிய நாள் ஒன்று, பொதுமக்களுக்கு வெளியான நாள் ஒன்று. 'தி லாட்ஜர்' 1926 செப்டம்பரில் வியாபாரிகளுக்குக் காட்டப்பட்டு 1927 பிப்ரவரியில் வெளியானது. 1926 என்றும் 1927 என்றும் பட்டியல்கள் முரண்படுவதன் காரணம் இவ்வளவுதான். நாடக வேலைக்குப் பட்டியலில் இன்னொரு கட்டம் வேண்டும். 1924இல் மேடையேறிய 'தி ராட்' 1925இல் படமானது. அதை எழுதியவர் பெயர் டேவிட் லெஸ்ட்ரேஞ்ச் என்றிருக்கும். அப்படி ஒருவர் இல்லை. நொவெல்லோவும் நடிகை கான்ஸ்டன்ஸ் கோலியரும் சேர்ந்து வைத்துக்கொண்ட புனைபெயர் அது. 'டவுன்ஹில்' நாடகமும் அதே பெயரில்தான்.

படத்தைப் பார்க்கும்போது ஓட்ட வேகம்தான் பெரிய சிக்கல். 35 மில்லிமீட்டர் சுருளில் அடிக்கு 16 சட்டகம், அதாவது 16 தனிப்படம். அடிக்கணக்கை 16ஆல் பெருக்கி, நொடிக்கு எத்தனை சட்டகம் என்பதால் வகுத்து, பிறகு 60ஆல் வகுத்தால் நிமிடம் வரும். 7,500 அடிச் சுருள் நொடிக்கு 20 சட்டகத்தில் 100 நிமிடம், 24இல் 83 நிமிடம் 20 நொடி. ஒரே படத்துக்கு இரண்டு நீளம் சொல்கிறார்களே என்று பதறவேண்டாம். வெட்டுப்பட்டதா, வேகம் மாறியதா என்பதை இந்தக் கணக்கு காட்டிவிடும். வேகம் கூடினால் நொவெல்லோவின் நடிப்பே கெட்டுவிடும். 'தி லாட்ஜர்' படத்தில் கழுத்துத்துணியால் பாதி முகம் மூடி வாசலில் நிற்கும் அந்த முதல் தோற்றத்தில், மெதுவாகத் திரும்பும் கண்கள்தான் எல்லாம்.

ஆகவே அந்தப் படத்தைப் பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் 2012இல் சீரமைத்த பதிப்பில் பாருங்கள். மூல நெகட்டிவ் இல்லை. எஞ்சிய நைட்ரேட் (அக்காலப் படச்சுருள் வகை) பிரதியிலிருந்து மீட்டெடுத்தார்கள். வண்ணச்சாயம் நீங்கிய மலிவுப் பிரதிகளில், இரவைக் காட்ட நீலச் சாயமிட்ட காட்சிகள் பகலாகத் தோன்றும், கதையே புரியாது. மேல்மாடியில் அவர் உலாவுவதைக் கீழிருந்து காட்டக் கண்ணாடித் தளம் அமைத்துப் படமெடுத்ததும் நல்ல பிரதியில்தான் தெளியும். இயக்குநர் ஹிட்ச்காக்கின் படம் என்று மட்டும் இதைச் சொல்வது நொவெல்லோவுக்குச் செய்யும் அநீதி. கொலைச் சந்தேகத்துக்கு ஆளாகும் வாடகைக்காரர் அவர்; அவ்வளவு பெரிய நட்சத்திரம் கொலையாளியாக முடியாது என்பதால்தான் கதை அவரைக் குற்றமற்றவராக்கியது. படத்தின் வடிவத்தையே அவருடைய முகம் தீர்மானித்திருக்கிறது.

1932இல் அவரே மீண்டும் நடித்த பேசும்பட 'லாட்ஜர்' ஒன்றுண்டு, இயக்கம் மாரிஸ் எல்வி. அதன் புகைப்படங்கள் மௌனப்படத்துடையவை என்று பல இடங்களில் ஒட்டியிருக்கும். உடன் நடித்தவர் முகத்தைப் பாருங்கள். மௌனப்படத்தின் நாயகி ஜூன் டிரிப்.

கடைசிப் படம் 1934இன் 'ஆட்டம் குரோக்கஸ்'. அதன்பின் முழுக்க மேடைதான். இறந்த நாளிலும் கவனம் வேண்டும். 1951 மார்ச் 5 இரவு 'கிங்ஸ் ராப்சடி' நாடகத்தில் நடித்தார். சில மணி நேரத்தில், 6ஆம் தேதி அதிகாலையில், இதயக்குழாய் அடைப்பால் இறந்தார். ஆல்ட்விச்சில் அவருடைய வீடு ஸ்ட்ராண்ட் தியேட்டருக்கு மேல் இருந்தது. அந்தத் தியேட்டருக்கு நொவெல்லோ என்று பெயர் வந்தது 2005இல்தான்; 1951 செய்திகளில் ஸ்ட்ராண்ட் என்றே தேடுங்கள்.