பாஸ் ஓவர் கேட்டிருக்கலாம்

"கன்விக்ஷனை எதிர்த்து வாதாடப் போகிறீர்களா, தண்டனையோடு நிறுத்திக்கொள்கிறீர்களா?" அப்பீலில் ஹைகோர்ட் நீதிபதி கேட்டது இவ்வளவுதான். கன்விக்ஷன் என்றால் குற்றவாளி என்ற தீர்ப்பு. கேஸ் கட்டைப் புரட்டிக்கொண்டே கேட்டார். நான் அரை நிமிடம்கூட யோசித்திருக்க மாட்டேன். "தண்டனை மட்டும், மை லார்ட்" என்றேன்.

3 கிலோ 200 கிராம் கஞ்சா. ஸ்பெஷல் கோர்ட்டில் 5 வருடமும் 50,000 ரூபாய் அபராதமும் போட்டிருந்தார்கள். ரிமாண்டையும் சேர்த்து, பையன் 2 வருடம் 8 மாதம் உள்ளே இருந்துவிட்டான். அப்பீல் முடியும்வரை தண்டனையை நிறுத்திவைக்கக் கேட்ட சஸ்பென்ஷன் மனு முன்பே தள்ளுபடி. 1 கிலோவுக்கு மேல், 20 கிலோவுக்குள் என்றால் 10 வருடம் வரை போடலாம்; ஆனால் குறைந்தது இத்தனை வருடம் என்று சட்டத்தில் இல்லை. 20 கிலோவைத் தாண்டியிருந்தால் 10 வருடத்துக்குக் கீழே வர நீதிபதியே நினைத்தாலும் வழி கிடையாது. ஆக, இந்தக் கேள்வி வந்தாலே குறைக்கிற மனநிலையில் இருக்கிறார் என்று அர்த்தம். அப்பீல் நடத்துகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அப்படியே ஆனது. கழித்த காலம் போதும் என்று உத்தரவு. கன்விக்ஷனும் அபராதமும் நின்றன.

ஆனால் கேஸில் சத்து இருந்தது. பஸ்ஸில் பிடித்த பை. போலீஸ் கைப்பற்றியபோது எழுதிய மகஜரில் 'சீட்டுக்கு அடியில்'. குறுக்கு விசாரணையில் ஏட்டு 'மேலே லக்கேஜ் தட்டில்' என்றார். அந்த வரிக்குக் கீழே பென்சிலில் இரண்டு கோடு போட்டு வைத்திருந்தேன். போதைப்பொருள் சட்டத்தின் 52ஏ பிரிவுப்படி மாஜிஸ்ட்ரேட் முன்னால் எடுக்க வேண்டிய சாம்பிளை ரோட்டோரத்திலேயே 24 கிராம் வீதம் இரண்டு பொட்டலமாகக் கட்டிவிட்டார்கள். ஆளைச் சோதிப்பது பற்றிய பிரிவு 50 பைக்குப் பொருந்தாது, அது போகட்டும். மற்ற இரண்டை வைத்து ஜெயித்திருக்கலாம். தோற்றிருந்தால் இன்னும் 2 வருடம் 4 மாதம், இந்தச் சட்டத்தில் ஜெயிலில் நாள் குறைக்கிற தண்டனைக் கழிவும் கிடையாது. யாருடைய 2 வருடத்தை வைத்து நான் சூதாடுவது?

பாஸ் ஓவர், அதாவது கேஸைச் சற்று நேரம் கழித்து எடுக்கச் சொல்லி, கேட்டிருக்கலாம். அவன் அம்மா வெளியே மரத்தடியில்தான் உட்கார்ந்திருந்தார். கேட்டிருந்தால் "வீட்டுக்கு வந்தாப் போதும் ஐயா" என்றுதான் சொல்லியிருப்பார். அது அவருடைய பதில், அவனுடையது இல்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. அவன் ஜெயிலில் இருந்தான்.

அப்புறம் ஒருநாள் இருவரும் காரைக்குடியில் ஆபீஸுக்கு வந்தார்கள். அந்த அம்மாவுக்குக் கல்யாண வீடுகளில் பலகாரம் சுடுகிற வேலை. முழங்கைவரை எண்ணெய் தெறித்த கருந்தழும்புகள். தேன்குழல் சம்படத்தை மேஜையில் வைத்தார். காதில் தோடு இல்லை, வேப்பங்குச்சிதான் இருந்தது. தோடு அபராதத்துக்குப் போனது எனக்குத் தெரியும்.

பையன் கேட்டான்: "அப்ப நான்தான் கொண்டுபோனேன்னு ஒத்துக்கிட்டீங்களா சார்?"

"ஒத்துக்கலை தம்பி. அதைப் பத்தி வாதாடலை, அவ்வளவுதான்."

"ரெண்டுக்கும் என்ன சார் வித்தியாசம்?"

சொன்னேன். சட்டப்படி சரியாகத்தான் சொன்னேன். அவன் தலையை ஆட்டிய விதத்தில், ஜூனியர்களுக்குப் பாடம் எடுப்பதுபோல எனக்கே கேட்டது. சிங்கப்பூரில் மச்சான் வேலை பார்த்து வைத்திருந்தானாம். இந்தப் பக்கத்தில் அக்கரைக்குப் போகாத வீடு எது? கஞ்சா கேஸில் தண்டனை என்று பேர் இருக்கும்போது பாஸ்போர்ட் விசாரணையே தாண்டாது.

"விடுப்பா, ஐயா இல்லாட்டி நீ இன்னும் உள்ளதான் இருப்ப" என்றார் அம்மா. அவர் திட்டியிருந்தால் தேவலை.

சுப்ரீம் கோர்ட்டுக்குப் போக 90 நாள் அவகாசம் உண்டு. கன்விக்ஷனை எதிர்க்கவில்லை என்று உத்தரவிலேயே பதிவாகிவிட்ட பிறகு டெல்லியில் முதல் கேள்வியே அதுதான். செலவுக்கு அந்த அம்மா இன்னொரு ஜோடித் தோட்டுக்கு எங்கே போவார்? அதனால் சொல்லவில்லை. அதனால்தானா என்றும் தெரியவில்லை.

அவர்கள் படியிறங்கியதும் காலண்டரைத் திருப்பி எண்ணினேன். இன்னும் 19 நாள் இருந்தது.