சாலையை மறித்தவர்கள்

கொரோனா காலத்தில் தடுப்பூசி முகாம்களில் ஊசி போட்ட செவிலி நான். ராத்திரி குளித்துவிட்டுப் படுத்தால் தூக்கம் வராது. போனில் செய்திகளைத் தள்ளிக்கொண்டே இருப்பேன். அப்படித்தான் ஒரு சாலைத் தகராறு கண்ணில் பட்டது. அதிலிருந்து பழங்குடிகள் இந்த நோயை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். இன்னும் விடவில்லை.

அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில் ஷையன் ரிவர் சூ என்ற பழங்குடியின் நிலத்துக்குள் நெடுஞ்சாலைகள் ஓடுகின்றன. 2020 ஏப்ரலில் அந்தச் சாலைகளில் அவர்கள் ஆள் போட்டார்கள். வருகிற வண்டியை நிறுத்தி, எங்கிருந்து வருகிறீர்கள், எங்கே போகிறீர்கள், காய்ச்சல் உண்டா என்று கேட்டார்கள். நோய் பரவிய ஊரிலிருந்து அவசியமில்லாமல் வந்தவர்கள் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். மே 8ஆம் தேதி ஆளுநர் கிறிஸ்டி நோம், 48 மணி நேரத்துக்குள் தடுப்புகளை எடுக்காவிட்டால் சட்ட நடவடிக்கை என்று கடிதம் அனுப்பினார். பழங்குடித் தலைவர் ஹெரால்ட் ஃப்ரேசியர் முடியாது என்றார். கெடு முடிந்தது, தடுப்பு அங்கேயே நின்றது.

நியாயம் யார் பக்கம் என்று நான் முடிவு செய்ய ஒரு கணக்கே போதுமானதாக இருந்தது. அவர்களுடைய மருத்துவமனையில் இருந்தவை எட்டுப் படுக்கைகள். தீவிர சிகிச்சைப் பிரிவு கிடையாது. அது உள்ள மருத்துவமனைக்கு மூன்று மணி நேரப் பயணம். வார்டில் வேலை பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். எட்டுப் படுக்கை நிரம்ப ஒரு கல்யாண வீடு போதும்.

பழங்குடி என்றாலே செய்திகளில் பரிதாபம்தான் முதலில் வரும். ஆபத்து அதிகம் என்பது உண்மைதான்: ஒரே வீட்டில் மூன்று தலைமுறை, சர்க்கரை நோய், எட்டாத மருத்துவமனை. ஆனால் அரசாங்கங்கள் கூட்டம் போட்டுக்கொண்டிருந்தபோதே வழியை அடைத்தவர்களில் இவர்கள் உண்டு. காரணம் ஞாபகம் என்று நினைக்கிறேன். உலகம் முழுக்கப் பரவிய 1918 ஃப்ளூ காய்ச்சலை நம்மில் பலர் 2020இல்தான் கேள்விப்பட்டோம். இவர்களுக்கு அது குடும்பக் கதை.

பசிபிக் கடலின் சமோவா தீவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். 1918 நவம்பரில் 'தலூன்' என்ற கப்பல் ஆக்லாந்திலிருந்து காய்ச்சல்காரர்களோடு மேற்கு சமோவாவுக்கு வந்தது. அங்கே நிர்வாகம் நியூசிலாந்தின் கையில். யாரும் கப்பலைத் தடுக்கவில்லை. ஐந்தில் ஒருவருக்கும் மேல் செத்துப்போனார்கள். பக்கத்திலேயே இருந்த அமெரிக்க சமோவாவில் ஆளுநர் போயர் கப்பல்களைத் தடுத்தார், ஊர்க்காரர்கள் கரையில் காவல் நின்றார்கள். அங்கே ஒருவர்கூட அந்தக் காய்ச்சலில் சாகவில்லை.

அதே காய்ச்சல் நியூசிலாந்தில் அந்நாட்டுப் பழங்குடிகளான மாவோரிகளில் சுமார் 2,500 பேரைக் கொண்டுபோனது. வெள்ளையர்களைவிடப் பல மடங்கு அதிக விகிதம். தே புயா என்ற தலைவி, பெற்றோரை இழந்த நூறு பிள்ளைகள் வரை சேர்த்து வளர்த்தார். அந்தப் பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் இன்றைக்கு இருக்கிறார்கள். 2020 மார்ச்சில் தே ஃபானாவ் ஆ அபனுயி என்ற மாவோரிக் குலத்தார் தங்கள் கடற்கரைச் சாலையை மறித்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

வழியை அடைப்பதையே சடங்காக வைத்திருப்பவர்களும் உண்டு. அருணாசலப் பிரதேசத்தின் காலோ மக்கள் 2020 மார்ச்சில் 'அர்-ரினம்' என்று 48 மணி நேரம் ஊரை அடைத்தார்கள். தாய்லாந்தின் கரேன் ஊர்கள் சில 'க்ரோ யீ' என்ற பழைய சடங்கை மீண்டும் எடுத்து, வாசலில் மூங்கில் தடுப்பு வைத்தன. சடங்கு வைரஸைத் தடுக்குமா என்று கேட்பவர்களுக்கு: வைரஸைத் தடுக்காது, மாமன் மச்சான் உள்ளே வருவதைத் தடுக்கும். அது போதாதா? அதிகாரி போட்ட உத்தரவை ஏமாற்றலாம், ஊரே சேர்ந்து கட்டிய காப்பை யார் மீறுவார்கள்?

கஷ்டமான இடம் வேறு, சாவு. மாவோரிகள் இறந்தவரைத் தனியே விடுவதில்லை. நாள்கணக்கில் உடலோடு உட்கார்ந்து பேசுவார்கள், அழுவார்கள், வருகிறவர்களோடு மூக்கோடு மூக்கு ஒற்றுவார்கள். அது முழுவதும் நின்றது. உடனே புதைத்துவிட்டு, சடங்கைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று காத்திருந்தன குடும்பங்கள். சாலையை மறிப்பதைவிட இதற்குத்தான் அதிக மனவலிமை வேண்டும். பையில் மூடிய முகத்தைப் பார்க்கவிடாமல் குடும்பங்களைத் திருப்பி அனுப்பியவள் நான். அந்த வேலை என்னவென்று தெரியும்.

எல்லா இடத்திலும் வாசல் சாவி அவர்கள் கையில் இல்லை. பிரேசிலில் முதலில் தொற்று உறுதியான பழங்குடிப் பெண் கொகாமா இனத்தவர், சுகாதாரப் பணியாளர். அவருக்கு நோய் வந்தது, அரசு அனுப்பிய மருத்துவரிடமிருந்து. அதே நாட்டின் ஷிங்கு பகுதியில் வாழும் குயிகுரோ மக்கள் 1954 தட்டம்மையில் பலரைப் பறிகொடுத்தவர்கள். இந்த முறை நன்கொடை திரட்டித் தாங்களே மருத்துவர், செவிலி வைத்து, நோயாளிகளுக்குத் தனி வீடும் ஏற்பாடு செய்தார்கள்.

அமெரிக்காவில் நவாஹோ தேசம் என்ற பழங்குடி நிலத்தையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் கதை ரொம்ப அழகாகிவிடும். வார இறுதிகளில் 57 மணி நேர ஊரடங்கு போட்டும் 2020 மே மாதத்தில் மக்கள்தொகை விகிதப்படி தொற்றில் அவர்கள் நியூயார்க்கையே மிஞ்சினார்கள். அங்கே ஏறக்குறைய மூன்றில் ஒரு வீட்டுக்குக் குழாய்த் தண்ணீர் கிடையாது. கை கழுவு என்று யாரிடம் சொல்வது?

தடுப்பூசி வந்ததும் எனக்குத் தொழில்முறை ஆர்வம் கூடிவிட்டது. எங்கள் பட்டியலில் வயது இருந்தது, நோய் இருந்தது. அமெரிக்காவின் செரோக்கி தேசம் என்ற பழங்குடியின் பட்டியலில் இன்னொரு வரியும் இருந்தது: செரோக்கி மொழியைச் சரளமாகப் பேசுபவர்கள். அப்போது அப்படிப் பேசியவர்கள் சுமார் 2,000 பேர், பெரும்பாலும் முதியவர்கள். அவர்களுக்கு முதல் வரிசையில் ஊசி போட்டார்கள். முகாமில் பட்டியலோடு மல்லுக்கட்டிய எனக்கு இது பெரிய வெளிச்சமாக இருந்தது. எதைக் காப்பாற்ற நினைக்கிறோமோ அதைப் பட்டியலிலேயே எழுதிவிட்டார்கள்.

அப்புறம் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்து பிளாக்ஃபீட் பழங்குடி. 2020 கோடை முழுக்க, நல்ல சுற்றுலா வருமானத்தை விட்டுவிட்டு, கிளேசியர் தேசியப் பூங்காவின் கிழக்கு வாசல்களை மூடியே வைக்கச் செய்தவர்கள். 2021 வசந்தத்தில் அவர்களில் பெரும்பாலோருக்கு ஊசி போட்டாகிவிட்டது, மருந்து மிஞ்சியது, காலாவதி நெருங்கியது. குப்பியில் மிஞ்சிய மருந்தைக் கொட்டுவது எந்தச் செவிலிக்கும் வயிற்றெரிச்சல். அவர்கள் கனடா எல்லைக்குக் கொண்டுபோனார்கள். அந்தப் பக்கத்திலிருந்து, உறவு முறைப் பழங்குடிகள் மட்டுமில்லை, முன்பின் தெரியாத வெள்ளைக்காரர்களும் கார்களில் வரிசை கட்டினார்கள். ஜன்னலை இறக்கிக் கை நீட்டினால் ஊசி. பதினைந்து நிமிடம் காரிலேயே உட்கார வைத்துப் பார்த்துவிட்டு, வந்த பக்கமே திருப்பி அனுப்பினார்கள். சுமார் ஆயிரம் பேருக்கு அப்படிப் போட்டார்கள்.